சமநிலை பொய்யா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

தேவையும் அளிப்பும் சந்திக்கிற இடத்தில் விலை நிலைகொள்ளும் என்றுதான் கல்லூரியில் பொருளியல் படித்தோம். சிக்கலமைவு அறிவியல் (பலர் ஒருவரையொருவர் பாதித்து மாறிக்கொண்டே இருக்கும் அமைப்புகளை ஆராயும் துறை) வந்தபிறகு அந்த அடித்தளமே ஆட்டம் கண்டுவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். எதையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்று கைவிரிக்க ஓர் அறிவியல் எதற்கு?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கைவிரிக்கவில்லை. 1994இல் பொருளியலாளர் பிரையன் ஆர்தர் எழுதிய ஒரு கட்டுரையைப் பாருங்கள். அமெரிக்காவின் சாண்டா ஃபே நகரில் எல் ஃபரோல் என்றொரு மதுக்கூடம். வியாழக்கிழமை இரவுகளில் அங்கே ஐரிஷ் இசை. போக விரும்புகிறவர்கள் 100 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 பேருக்கு மேல் வந்தால் நெரிசலில் ரசிக்க முடியாது. யாரும் கலந்து பேசுவதில்லை. முந்தைய வாரங்களில் எத்தனை பேர் வந்தார்கள் என்பது மட்டுமே தெரியும்.

கூட்டம் இருக்காது என்று எல்லோரும் கணித்தால் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். கூட்டம் அலைமோதும் என்று கணித்தால் ஒருவரும் போகமாட்டார்கள். இரண்டு கணிப்புமே பொய்த்துப்போகும். எல்லோரும் ஒன்றுபோல நம்பி, அது பலிக்கவும் செய்கிற கணிப்பு இங்கே இல்லை. எதையும் கணக்குப் போட்டே முடிவெடுக்கிற பாடநூல் மனிதருக்கு எவ்வளவு கணக்குத் தெரிந்தும் பயனில்லை.

அப்புறம் ஆர்தர் இதைக் கணினியில் ஓட்டிப் பார்த்தார். ‘போன வாரம் வந்த அதே எண்ணிக்கை’, ‘கடந்த 4 வாரச் சராசரி’ என்று ஆளுக்குச் சில கணிப்பு விதிகள். அண்மையில் நன்றாகப் பலித்த விதியை நம்பி ஒவ்வொருவரும் முடிவெடுத்தார்கள். வருகை வாரந்தோறும் ஏறி இறங்கியது. எடுபடும் விதிகளும் மாறிக்கொண்டே இருந்தன. ஆனால் சராசரி 60ஐ ஒட்டியே நின்றது! யாரும் ஏற்பாடு செய்யாமல் வந்த இந்த ஒழுங்கு எனக்கு இன்றும் பெரிய வியப்பு. அடுத்த வியாழனைச் சொல்ல முடியாது, சரி. சராசரியைச் சொல்லலாமே.

நீங்கள் படித்த சமநிலையும் பொய்யில்லை. ஆர்தர், கணினி அறிவியலாளர் ஜான் ஹாலண்ட் முதலானோர் சிக்கலமைவுகளை ஆராயும் சாண்டா ஃபே நிறுவனத்தில், கணினிக்குள் ஒரு செயற்கைப் பங்குச்சந்தையை உருவாக்கினார்கள். அதில் முதலீட்டாளர்கள் புதிய கணிப்பு விதிகளை மிக மெதுவாகத் தேடியபோது விலை பாடநூல் சொன்ன மதிப்பை ஒட்டியே போனது. தேடும் வேகத்தைக் கூட்டியதும் விலைக்குமிழிகளும் (மதிப்பை மீறி விலை ஊதிப்போவது) சரிவுகளும் தாமாகவே வந்தன. வெளியிலிருந்து எந்த அதிர்ச்சியும் அதற்குத் தேவைப்படவில்லை.