நாள்தோறும் 100 கி.மீ. ஓட்டுபவருக்கு எந்தப் பழைய கார் கட்டுப்படியாகும்?

கேள்வி: மதுராந்தகத்தில் குடியிருக்கிறேன், ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. போக வர நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கி.மீ. ஆகிறது. மாதத்துக்கு 25 நாள் வேலை. இதுவரை கம்பெனிப் பேருந்தில் போய் வந்தேன். ஷிப்ட் மாறிவிட்டதால் இனி சொந்த வண்டிதான் வழி. கையில் இருப்பது நாலரை லட்சம் ரூபாய். தரகர் ஒருவர் 2014ஆம் ஆண்டின் மாருதி டிசையர் டீசல் காரை 3.2 லட்சத்துக்குத் தருவதாகச் சொல்கிறார். மீட்டரில் 78,000 கி.மீ. காட்டுகிறது, மைலேஜ் 25க்குக் குறையாது என்கிறார். உடன் வேலை செய்யும் நண்பரோ சி.என்.ஜி. வேகன் ஆர் வாங்கச் சொல்கிறார். எதை வாங்கலாம்?
– வாசகர், மதுராந்தகம்

பதில்: உங்கள் ஓட்டம் மாதத்துக்கு 2,500 கி.மீ., ஆண்டுக்கு 30,000 கி.மீ. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் கார் எடுப்பவருக்குச் சொல்லும் பதில் உங்களுக்குப் பொருந்தாது. ஆகவே முதலில் எரிபொருள் கணக்கைப் போட்டுவிடுவோம். பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், டீசல் 92.50 ரூபாய் என்று சென்னை வட்டார விலையை ஒட்டி வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 19 கி.மீ. தரும் பெட்ரோல் காருக்கு மாதம் சுமார் 13,300 ரூபாய் செலவாகும். 22 கி.மீ. தரும் டீசல் காருக்கு 10,500 ரூபாய் போதும். கிலோவுக்கு 26 கி.மீ. தரும் சி.என்.ஜி. காருக்கு, கிலோ விலை 90 ரூபாய் என்று கொண்டால், 8,700 ரூபாய்க்குள் முடிந்துவிடும். விலைகள் மாறும்போது இந்த எண்களும் மாறும். ஆனால் வரிசை எளிதில் மாறாது.

இந்தக் கணக்கின்படி டீசல் கார் பெட்ரோல் காரைவிட ஆண்டுக்கு 33,000 ரூபாய்க்கு மேல் மிச்சம் பிடித்துத் தருகிறது. எனவே உங்கள் ஓட்டத்துக்கு டீசல் பொருந்தும் என்று தரகர் நினைத்ததில் தவறில்லை. அவர் காட்டும் வண்டிதான் எனக்கு உறுத்துகிறது. பெட்ரோல் காரைவிட லட்ச ரூபாய் அளவுக்குக் கூடுதலாகக் கொடுத்து 2014இல் டீசல் கார் வாங்கியவர், நிறைய ஓட்டப்போகிறோம் என்று எண்ணித்தான் வாங்கியிருப்பார். அப்படிப்பட்டவர் ஆண்டுக்கு 7,000 கி.மீ.கூட ஓட்டாமல் இத்தனை ஆண்டுகள் வைத்திருந்தார் என்றால், அதற்கு ஆதாரம் காட்டவேண்டியது விற்பவரின் பொறுப்பு. பதிவு எண்ணைக் கொடுத்து மாருதி சர்வீஸ் நிலையத்தில் சர்வீஸ் வரலாற்றைக் கேளுங்கள். ஒவ்வொரு சர்வீஸின்போதும் மீட்டர் காட்டிய எண் அதில் இருக்கும். 2018இலேயே ஒரு லட்சத்தைத் தாண்டிய வண்டி இப்போது 78,000 காட்டினால் பேச்சுக்கே இடமில்லை. 2017க்குப் பிறகு சர்வீஸ் பதிவே இல்லையென்றாலும் அந்த வண்டியை நான் எடுக்கமாட்டேன். முன்பு டி போர்டில் வாடகைக்கு ஓடி, பிறகு ஓன் போர்டுக்கு மாற்றப்பட்டதா என்பதையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். டாக்சிக்காரர்கள் மிகுதியாக விரும்பிய வண்டிகளில் டிசையர் டீசலும் ஒன்று.

இன்னொன்றும் உண்டு. சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். 2014ஆம் ஆண்டு வண்டிக்கு அது 2029இல் முடிகிறது. அதன்பின் எஃப்.சி. எடுத்து, பசுமை வரி கட்டி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்குள் உங்கள் ஓட்டத்தில் மட்டும் பல பத்தாயிரம் கி.மீ. கூடியிருக்கும். இன்ஜெக்டர், டர்போ, கிளட்ச் செட் ஆகியவற்றில் இரண்டு ஒரே ஆண்டில் செலவு வைத்தாலும் டீசலில் மிச்சம் பிடித்தது அதற்கே சரியாகிவிடும். இளைய டீசலாகப் பார்க்கலாமே என்றால், பி.எஸ்.6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்த 2020 ஏப்ரலோடு மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. அதற்குப் பிந்தைய மற்ற நிறுவனங்களின் நல்ல டீசல் கார்கள் உங்கள் தொகைக்குள் எளிதில் அகப்படமாட்டா. ஃபோர்டு, டட்சன், செவர்லே போன்று இந்தியாவில் கார் விற்பனையை நிறுத்திவிட்ட நிறுவனங்களின் வண்டிகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றில் ஃபோர்டின் டீசல் என்ஜின் உண்மையிலேயே நல்ல சரக்குதான். ஆனாலும், உதிரிபாகத்துக்காக ஒரு வாரம் வண்டி நின்றால் வேலைக்கு எப்படிப் போவது என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நண்பர் சொல்வதுதான் சரி, ஆனால் இரண்டு நிபந்தனைகளோடு. முதலாவது, உங்கள் வழியில், திசைமாறிப் போகாமல், ஒரு சி.என்.ஜி. பங்க் இருக்கவேண்டும். வேகன் ஆரில் உள்ள 60 லிட்டர் உருளையில் எட்டு ஒன்பது கிலோவுக்குமேல் ஏறாது. அதாவது இரண்டு நாளைக்கு ஒருமுறை நீங்கள் பங்குக்குப் போயே தீரவேண்டும். ஷிப்ட் முடிந்து வரும் நேரத்தில் அங்கே ஆட்டோக்களின் வரிசை எவ்வளவு நீளம், அழுத்தம் குறைந்து அரைகுறையாக நிரப்பி அனுப்புகிறார்களா என்பதை, கார் வாங்கும் முன்பே, நான்கைந்து மாலைகளில் போய்ப் பார்த்துவிடுங்கள். இரண்டாவது, கார் கம்பெனியிலேயே பொருத்தப்பட்ட சி.என்.ஜி. வண்டியாக இருக்கவேண்டும். டிக்கியில் இடம் இருக்காது என்பது உங்களுக்குப் பெரிய குறையாகத் தோன்றாது.

தொகையை வைத்துப் பார்த்தால், 2019 ஜூலைக்குப் பிந்தைய தயாரிப்புகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பேன். அந்த மாதத்திலிருந்து ஓட்டுநர் பக்கக் காற்றுப்பையும் சீட் பெல்ட் எச்சரிக்கையும் கட்டாயமாக்கப்பட்டன, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். பிரேக் அதே ஆண்டு ஏப்ரலில் கட்டாயமானது. பின்னிரவு ஷிப்ட் முடித்து ஜி.எஸ்.டி. சாலையில் லாரிகளுக்கு நடுவே வரப்போகிறவர் நீங்கள். மைலேஜைவிட இதற்குத்தான் நான் முதலிடம் தருவேன். வேகன் ஆர் 2019இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெற்றது இரண்டு நட்சத்திரம். டாடா டியாகோ 2020 ஜனவரியில் பெற்றது நான்கு. டியாகோவின் மூன்று சிலிண்டர் என்ஜின் சற்று அதிரும், மைலேஜிலும் மாருதிக்கு ஓரிரு கி.மீ. பின்தங்கும். மாதம் ஆயிரம் ரூபாய் கூடுதலானாலும் பரவாயில்லை என்று நானாக இருந்தால் அதையே எடுப்பேன். 2022 ஜனவரியில் அறிமுகமான டியாகோ சி.என்.ஜி. உங்கள் தொகைக்குள் கிடைத்துவிட்டால் எரிபொருள் செலவு, பாதுகாப்பு என்ற இரண்டு கவலையும் ஒன்றாகத் தீரும். கிடைக்காவிட்டால் கம்பெனி சி.என்.ஜி. வேகன் ஆர், பங்க் வசதி இல்லையென்றால் பெட்ரோல் டியாகோ, செலேரியோ, டிசையர் ஆகியவற்றில் எது நல்ல நிலையில் இருக்கிறதோ அது. இந்த வரிசையைக் கட்டாயம் என்று கொள்ளவேண்டாம். ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட மூன்றாவது தேர்வு, அலட்சியமாக ஓட்டப்பட்ட முதல் தேர்வைவிட நன்றாகவே உழைக்கும்.

மைலேஜ் பற்றிய உங்கள் எதிர்பார்ப்பையும் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டும். 2017இல் வந்த டிசையர் டீசலுக்கு வாகனச் சோதனை அமைப்பான ஏ.ஆர்.ஏ.ஐ. சான்றிதழில் தந்த எண் லிட்டருக்கு 28.40 கி.மீ. ஆய்வுக்கூடத்தில், குறிப்பிட்ட வேக அட்டவணைப்படி ஓட்டிப் பெறும் எண் அது, ஏ.சி. போட்டு, சிங்கபெருமாள்கோயில் நெரிசலில் நின்று, பிறகு 100இல் விரட்டும்போது அது வராது. பெட்ரோலில் இப்போது 20 சதவீத எத்தனால் கலப்பு வேறு சேர்ந்துகொண்டது. 10 சதவீதக் கலப்புக்கு ஏற்பச் சரிசெய்யப்பட்ட கார்களில் இதனால் எரிபொருள் திறன் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021ஆம் ஆண்டு அறிக்கையே மதிப்பிட்டிருந்தது. மேலே பெட்ரோலுக்கு 19 என்று நான் அடக்கமாகப் போட்டது அதனால்தான். எந்தக் காராக இருந்தாலும் 80 கி.மீ. வேகத்தில் செல்வதற்கும் 110இல் செல்வதற்கும் உள்ள மைலேஜ் வேறுபாடு, இரண்டு மாடல்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டைவிடப் பெரிதாக இருக்கும்.

வண்டி பார்க்கப் போகும்போது, காலையில் முதல் ஸ்டார்ட்டை உங்கள் முன்னால்தான் போடவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானெட்டின்மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்க முன்கூட்டியே ஓடவிட்டிருக்கிறார்கள். என்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். லேசான ஆவி வந்தால் குற்றமில்லை; குபுகுபுவென்று புகை தள்ளினால் அது மெக்கானிக்குகள் சொல்லும் பேக் கம்ப்ரெஷன், என்ஜின் வேலை நெருங்கிவிட்டது என்று பொருள். முன்பக்க ஃபெண்டர், பானெட் கீல் ஆகியவற்றின் போல்ட் தலைகளில் பெயின்ட் உரிந்து ஸ்பேனர் பட்ட தடம் தெரிந்தால், டிங்கரிங் நடந்திருக்கிறது. சிறிய உரசலுக்காக ஒரு பக்கம் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்ததைப் பெரிதுபடுத்த வேண்டாம். பானெட்டுக்குக் கீழே உள்ள சட்டம் வளைந்து நிமிர்த்தப்பட்டிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

நம் பக்கத்தில் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளைப் பற்றித்தான் மிகுந்த எச்சரிக்கை தேவை. 2023 டிசம்பரில் மட்டும் சென்னைச் சுற்றுவட்டாரமும், இரு வாரங்களுக்குள் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களும் தனித்தனி வெள்ளங்களைச் சந்தித்தன. சீட் கவரையும் தரைவிரிப்பையும் மாற்றி வாசனைத் தெளிப்பான் அடித்துவிட்டால் மேலோட்டமாக ஒன்றும் தெரியாது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். வழக்கமாக உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் நேர்கோடாகச் சேற்றுக் கறை இருக்கிறதா என்று தெரியும். முன் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, அதன் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்றும், டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் வண்டல் படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண், எடுத்துக்காட்டாக 2319 என்றிருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத் தயாரிப்பு. நான்கும் பழையதென்றால் புதிய டயர்களின் விலையைக் கேட்ட தொகையில் கழிக்கச் சொல்லுங்கள். பேட்டரி, டயர், முதல் சர்வீஸ் ஆகியவற்றுக்கென 40,000 ரூபாயை ஒதுக்கிவிட்டு, மிச்சத்துக்குள் வண்டி பாருங்கள்.

பேரத்துக்கு ஒரு செய்தி: 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முந்தைய சந்தை நிலவரத்தை வைத்து விலை சொல்பவரிடம், அதே மாடலின் இன்றைய ஷோரூம் விலையைக் காட்டிப் பேசுங்கள்.

பரனூர் சுங்கச்சாவடியையும் மறக்கவேண்டாம். 2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய்க்கு அறிமுகமான ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ், ஓராண்டு அல்லது 200 முறை, எது முன்னதோ அதுவரை செல்லும். மாதம் 50 முறை கடக்கும் உங்களுக்கு அது நான்கே மாதத்தில் தீர்ந்துவிடும். அப்படியும், ஒரு முறைக்கு ஏறத்தாழ 15 ரூபாய் என்ற கணக்கில் அது ஆதாயம்தான். விற்பவரின் பழைய ஃபாஸ்டேக்கை மூடச் செய்து, உங்கள் பெயரில் புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தனியார் பட்டறையில் சி.என்.ஜி. பொருத்திய 2018 ஸ்விஃப்ட் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. வாங்கலாமா?
– வாசகி, காஞ்சிபுரம்

பதில்: ஆர்.சி.யில் எரிபொருள் என்ற இடத்தில் பெட்ரோலுடன் சி.என்.ஜி.யும் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெட்ரோல் என்று மட்டும் இருந்தால், விபத்து நேரும்போது இன்சூரன்ஸ் நிறுவனம் இழப்பீட்டை மறுக்க நீங்களே காரணம் எடுத்துக்கொடுத்ததாக ஆகிவிடும். ஆர்.சி. சரியாக இருந்தால் பாலிசியிலும் அந்தக் கருவி குறிக்கப்பட்டிருக்கவேண்டும். உருளைக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்யவேண்டும். கடைசிச் சான்றிதழின் தேதியை உருளையின் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றில் ஒன்று குறைந்தாலும், விற்பவர் அதைச் சரிசெய்து தரட்டும், பிறகு முன்பணம் கொடுக்கலாம்.

கேள்வி: புதுச்சேரிப் பதிவு எண் கொண்ட கார் அதே மாடல் தமிழ்நாட்டு வண்டியைவிட அரை லட்சம் குறைவாகக் கிடைக்கிறது. நான் தினமும் விழுப்புரம் போய் வருகிறவன். அப்படியே ஓட்டலாமா?
– வாசகர், திண்டிவனம்

பதில்: பன்னிரண்டு மாதங்களுக்குமேல் வேறு மாநிலத்தில் வைத்து ஓட்டும் வண்டிக்கு அந்த மாநிலத்தின் பதிவு எண்ணைப் பெறவேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆவது பிரிவு. புதுச்சேரி அலுவலகத்தில் 28ஆம் எண் படிவம் கொடுத்துத் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வண்டியின் வயதுக்கேற்ப ஆயுட்கால வரி கட்டவேண்டும். அந்த வரியைக் கூட்டிப் பார்த்தால் அரை லட்சத்தில் பெரும்பகுதி போய்விடும். சில வண்டிகளுக்கு மொத்தமும் போய்விடும். பழைய கடன் இருந்திருந்தால் கடன் தீர்ந்ததற்கான வங்கியின் சான்றும் 35ஆம் எண் படிவமும் கையில் வராமல் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்கான 29, 30ஆம் எண் படிவங்களில் கையெழுத்து வாங்கிய கையோடு, 14 நாட்களுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காக விற்பவருக்குக் கிடைக்கும் பிரீமியச் சலுகையான நோ கிளைம் போனஸ் அவருக்கே உரியது, உங்களுக்கு வராது. ஆகவே பிரீமியம் சற்றுக் கூடுதலாக வரும்.