டெலூரியம்: கேள்வியும் பதிலும்

கேள்வி: டெலூரியம் உலோகமா, அலோகமா?

பதில்: இரண்டுக்கும் நடுவிலுள்ள உலோகப்போலி. வெள்ளிபோல் மின்னும் அதன் கட்டியைச் சுத்தியலால் தட்டினால், தகடாக விரியாமல் பொடிப்பொடியாக நொறுங்கிவிடும். யாரும் அதை வீட்டில் சூடாக்கிப் பார்க்க வேண்டாம். அதன் புகை நஞ்சு. மிகச் சிறிதளவு உடலுக்குள் போனாலும் மூச்சில் பூண்டு நாற்றம் நெடுநாள் விடாது.

கேள்வி: சூரிய மின்தகடுகளுக்குக் காட்மியமும் டெலூரியமும் சேர்ந்த காட்மியம் டெலூரைடு வேண்டியிருக்கிறதே, டெலூரியத்துக்கென்றே சுரங்கங்கள் தோண்டினால் என்ன?

பதில்: புவி மேலோட்டில் பிளாட்டினம் அளவுக்கு அரிதான தனிமம் இது, தனியாகத் தோண்டிக் கட்டுப்படியாகும் இடங்கள் மிகக் குறைவு. தாமிரத்தை மின்னாற்பகுப்பால் தூய்மையாக்கும்போது தொட்டியின் அடியில் படியும் கரிய நேர்மின்வாய்ச் சேற்றிலிருந்துதான், வெள்ளி, தங்கம், செலீனியம் ஆகியவற்றோடு, இதன் பெரும்பகுதி கிடைக்கிறது. தாதுவை அமிலத்தில் கரைத்துத் தாமிரம் எடுக்கும் ஆலைகளில் இந்தச் சேறு கிடைப்பதில்லை. எனவே டெலூரியத்தின் விலை ஏறினாலும் வரத்து உடனே பெருகாது. தாமிரத்தின் போக்குதான் அதைத் தீர்மானிக்கிறது.

கேள்வி: டெலூரியத் தாதுவில் தங்கம் உண்டாமே?

பதில்: உண்டு. 1782இல் முல்லர் என்ற கனிமவியலாளர் இந்தத் தனிமத்தைக் கண்டறிந்ததே, இன்றைய ருமேனியாவிலுள்ள டிரான்சில்வேனியாவின் தங்கத் தாதுவில்தான். தங்கமும் டெலூரியமும் சேர்ந்த காலவரைட் என்ற கனிமத்தின் எடையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் தங்கம்.

கேள்வி: அந்தத் தாதுவை வீட்டிலேயே வறுத்துத் தங்கம் பிரிக்கலாமா?

பதில்: கூடாது. காரணத்தை முதல் பதிலிலேயே சொல்லிவிட்டேன்.

கேள்வி: டெலூரியத்தின் அணு நிறை 127.6, அயோடினுடையது 126.9. கனமானது முன்னால் நிற்பதால் தனிம அட்டவணை தவறுதானே?

பதில்: தவறில்லை. அயோடின் தன் வேதிப் பண்புகளால் குளோரின், புரோமின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால், அட்டவணையை வகுத்த மெண்டலீவ் இந்த வரிசையை விட்டுக்கொடுக்கவில்லை.

மறுப்பு: அவர் அணு நிறையைத்தானே அடிப்படையாகக் கொண்டார்? தமக்குச் சாதகமாக விதியை வளைத்தார் என்று சொல்லலாமே.

பதில்: டெலூரியத்தின் நிறையை அளந்தவர்கள் பிழை செய்திருப்பார்கள் என்று அவர் நம்பினார்; அந்த நம்பிக்கை பொய்த்தது, வரிசை நிலைத்தது. 1913இல் இயற்பியலாளர் மோஸ்லி எக்ஸ் கதிர் ஆய்வுகளால் அணு எண்ணே (அணுக்கருவிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை) அடிப்படை என்று காட்டினார்: டெலூரியம் 52, அயோடின் 53. இயற்கை அயோடின் முழுவதும் நிறை எண் 127 கொண்ட ஒரே ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் நிறை மாறுபட்ட அணுவகை). டெலூரியத்திலோ 128, 130 ஆகிய கனமான இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. சராசரி உயர்ந்ததற்கு அதுவே காரணம்.

கேள்வி: ஒரு சிட்டிகையை மட்டும் அடுப்பில் வைத்துப் பார்க்கலாமா?

பதில்: கூடாது.

கேள்வி: ஆலையில் டெலூரியப் பொடியைக் கையாள்கிறேன். சில நாள்களாக மூச்சில் பூண்டு வாடை என்று வீட்டார் சொல்கிறார்கள்.

பதில்: இன்றே மருத்துவரைப் பாருங்கள். எந்தப் பொருளை, எத்தனை நாளாகக் கையாள்கிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.