இ30-இல் நாலா, ஆறா? கேட்டவர்களுக்குப் பதில்கள்

1982 கடைசியில் வந்து 90-களின் தொடக்கம் வரை ஓடிய பிஎம்டபிள்யூ 3 சீரிஸுக்கு உள்பெயர் இ30. அதில் நாலு சிலிண்டரும் உண்டு, ஆறு சிலிண்டரும் உண்டு. எது உசத்தி என்கிற வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. ஜெர்மனியில் பழைய கார்களுக்கான ஒரு பட்டறையில் பதினெட்டு வருடமாக இந்த வண்டிகளைப் பிரித்துச் சேர்க்கிறேன், சொந்தமாக ஒரு நாலு சிலிண்டர் இ30, 318ஐஎஸ் வைத்திருக்கிறேன். கேளுங்கள் என்றேன், நிறையவே கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாக வருகிறேன்.

கேள்வி: அண்ணா, பிஎம்டபிள்யூ என்றாலே ஒரே வரிசையில் நிற்கிற ஆறு சிலிண்டர்தான். அந்தக் கம்பெனி இ30-இன் வேக வடிவமான தன் முதல் எம்3-க்கு ஏன் நாலு சிலிண்டர் போட்டது? செலவை மிச்சம் பிடிக்கவா?

இல்லை தம்பி, ரேஸுக்காக. அந்தக் காலத்து குரூப் ஏ என்கிற ரேஸ் பிரிவின் விதிப்படி ஒரு காரைப் பந்தயத்தில் இறக்க வேண்டுமென்றால் பன்னிரண்டு மாதத்துக்குள் 5000 வண்டி செய்து காட்ட வேண்டும். அதனால் முதலில் ரேஸ் காரை மனதில் வைத்து இன்ஜினை முடிவு செய்தார்கள், ரோட்டு வண்டி அதற்குப் பின்னால் வந்தது. இதைப் புரிந்துகொண்டால் பாதி வாதம் தீர்ந்துவிடும்.

ரேஸில் இன்ஜினை மணிக்கணக்கில் உச்ச சுற்றிலேயே வைத்து ஓட்டுவார்கள். ஒரு சாண் கம்பியையும் ஒரு முழக் கம்பியையும் கையில் பிடித்து முறுக்கிப் பாருங்கள், எது சீக்கிரம் வளைந்து கொடுக்கிறது? பிஸ்டன்கள் சுற்றிவிடுகிற தண்டுதான் கிராங்க், ஆறு சிலிண்டர் கிராங்க் அந்த முழக் கம்பி. சுற்று ஏற ஏற அது முறுக்கி அதிரத் தொடங்கும், அந்த அதிர்வு வரும் இடம் நாலு சிலிண்டரைவிட முன்னாலேயே வந்துவிடும். நாலு சிலிண்டரின் கிராங்க் குட்டை, ஐந்து பேரிங்கில் கெட்டியாக உட்காரும், பயமில்லாமல் சுற்றலாம்.

இன்ஜினைச் செய்தவர் பவுல் ரோஷே. அவர் கைக்குப் பக்கத்திலேயே இரண்டு நல்ல பொருள்கள் இருந்தன. ஒன்று, 60-களின் தொடக்கத்தில் அலெக்ஸ் ஃபான் ஃபால்கன்ஹாவுசன் வடிவமைத்த எம்10 நாலு சிலிண்டர் பிளாக், அதாவது சிலிண்டர்கள் இருக்கிற அடி உடம்பு. இரும்பு, அசைக்க முடியாத உறுதி. 1983-இல் நெல்சன் பிகே ஃபார்முலா 1 பட்டம் வென்ற பிராபம் காரின் 1.5 லிட்டர் டர்போ இன்ஜினும் அந்த பிளாக்கிலிருந்து பிறந்ததுதான். இன்னொன்று, பிஎம்டபிள்யூவின் எம்1 ஸ்போர்ட்ஸ் காருக்காகச் செய்த ஆறு சிலிண்டர் இன்ஜினின் ஹெட், அதாவது பிளாக்கின் மேல் உட்காருகிற வால்வ் பகுதி, சிலிண்டருக்கு நாலு வால்வ். இரண்டிலும் ஒரு சிலிண்டரின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரை சரியாக 100 மில்லிமீட்டர்! அதனால் ஆறு சிலிண்டர் ஹெட்டில் இரண்டு சிலிண்டருக்கான துண்டை அறுத்து எடுத்துவிட்டு, திறந்த பக்கத்தை மூடி, எம்10 பிளாக்கின் மேல் உட்கார வைத்தார்கள். முதல் மாதிரி இரண்டே வாரத்தில் ஓடியது. அதுதான் எம்3-இன் எஸ்14 இன்ஜின். 2302 சிசி, புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிஸ்ட் இல்லாத வண்டியில் 200 குதிரைத்திறன், ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்றை விடுகிற தனித்தனி த்ராட்டில். 1987-இல் ராபர்டோ ரவாலியா உலக டூரிங் கார் பட்டத்தை வென்றது இந்த இன்ஜினில்தான்.

கேள்வி: சார், நாலு சிலிண்டர் முரட்டு இன்ஜின் என்கிறார்கள். 2 லிட்டருக்கு மேல் போனால் கை வரைக்கும் அதிர்வு வருமாமே?

வரும். எனக்குப் பிடித்த இன்ஜின் என்பதற்காக இதை மறைக்க மாட்டேன்.

நாலு சிலிண்டரில் இரண்டு பிஸ்டன் மேலே போகும்போது இரண்டு கீழே இறங்கும், பார்க்கச் சரிசமம்தான். ஆனால் கனெக்டிங் ராடு சாய்ந்து சாய்ந்து வருவதால் பிஸ்டன் மேல் பாதியில் வேகமாகவும் கீழ்ப் பாதியில் கொஞ்சம் மெதுவாகவும் நகரும். அதனால் மேலே இருப்பதும் கீழே இருப்பதும் முழுசாக அடிபட்டுப் போகாமல், கிராங்க் ஒரு சுற்று சுற்றும்போது இரண்டு தடவை ஒரு மிச்ச ஆட்டம் எஞ்சும். பிஸ்டன் பெரிதாகப் பெரிதாக அந்த மிச்சமும் பெரிதாகும். போர்ஷே 944-இன் 2.5 லிட்டர் நாலு சிலிண்டரில் இதை அடக்கவே எதிர்ஆட்டம் தருகிற இரண்டு தண்டுகள், பேலன்ஸ் ஷாஃப்ட், வைத்தார்கள். எஸ்14-இல் அது கிடையாது. ஆறு சிலிண்டரில் இந்த ஆட்டங்கள் ஒன்றையொன்று தின்றுவிடும், அதனால்தான் ஆறு சிலிண்டர் இ30-ஆன 325ஐ பட்டு மாதிரி ஓடுகிறது.

ஒரு நாள் முழுக்க ஆட்டோபானில் எம்3 ஓட்டி இறங்கினால் காதிலும் விரலிலும் அது தெரியும். அதே வண்டியை மலைப்பாதையில் 5000 சுற்றுக்கு மேல் ஏற்றுங்கள், நாலு த்ராட்டிலும் காற்றை உறிஞ்சுகிற அந்தக் கரகரத்த சத்தத்தில் அதிர்வு நினைவிலேயே இருக்காது.

கேள்வி: 325ஐ-யைவிட எம்3-க்குக் கீழ்ச் சுற்றில் இழுவை குறைவா?

காகிதத்தில் எம்3-க்குத்தான் அதிகம். அங்கே 240 நியூட்டன் மீட்டர், 325ஐ-யில் சுமார் 225. ஆனால் எம்3-இல் அந்த உச்சம் 4750 சுற்றில்தான் வருகிறது, 325ஐ-க்கு அதற்கு முன்பே வந்துவிடும். ஊருக்குள் மூன்றாவது கியரில் சோம்பலாகப் போய் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஆறு சிலிண்டர் உடனே நகரும், எஸ்14 உங்களைக் கீழ் கியருக்கு வரச் சொல்லும். தினசரி ஆபீஸ் போகிற வண்டிக்கு ஆறு சிலிண்டரே மேல், இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

கேள்வி: அப்படியானால் நாலு சிலிண்டரின் லாபம் ரேஸ் ஓட்டுகிறவனுக்கு மட்டும்தானா? எனக்கு என்ன கிடைக்கும்?

இது நல்ல கேள்வி. ஒரு 325ஐ-யையும் ஒரு 318ஐஎஸ்ஸையும் பக்கத்தில் நிறுத்தி இரண்டு பானெட்டையும் தூக்குங்கள். 325ஐ-யில் இன்ஜின் முன்னால் வரை நீண்டு வந்து, ஃபேனும் ரேடியேட்டரும் ஒட்டிக்கொண்டிருக்கும். பெல்ட் மாற்ற ரேடியேட்டரைக் கழற்றி வைத்தால்தான் கை நிம்மதியாக நுழையும். 318ஐஎஸ்ஸில் இன்ஜின் முடிகிற இடத்துக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் முழங்கை வரை உள்ளே விடலாம். அந்தக் காலி இடம்தான் உங்களுக்குக் கிடைக்கிற லாபம். முன்சக்கரத்துக்கு முன்னால் தொங்குகிற எடை குறைவு, அதனால் ஸ்டியரிங் திருப்பியதும் மூக்கு திரும்பிவிடும். 325ஐ-யில் ஒரு கணம் யோசித்துவிட்டுத் திரும்பும், மழை நாளில் வட்டச் சந்திப்பில் இது நன்றாகவே தெரியும். இந்த லாபத்துக்கு ரேஸ் டிராக் வேண்டியதில்லை, பால் வாங்கப் போகிற வழியிலேயே கிடைக்கிறது.

கேள்வி: என் 318-இல் பெரிய ஆறு சிலிண்டரைத் தூக்கிப் போட்டுவிடலாமா அண்ணே? நண்பர்கள் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

போடலாம், நிறையப் பேர் போட்டிருக்கிறார்கள், நேர்க்கோட்டில் பறக்கும். ஆனால் என்ன இழப்பீர்கள் என்பதைப் பார்த்துவிட்டுப் போடுங்கள். தென்னாப்பிரிக்காவில் எம்3 விற்கப்படவில்லை. அங்கே 80-களின் நடுவில் 7 சீரிஸின் 3.2 லிட்டர் ஆறு சிலிண்டரை இ30-க்குள் திணித்து 333ஐ என்று விற்றார்கள், 204 வண்டிதான் செய்தார்கள். பானெட்டுக்குள் இடம் போதாததால் வாங்குகிறவர் ஏசி வேண்டுமா, பவர் ஸ்டியரிங் வேண்டுமா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடிந்தது. கம்பெனி ஆட்களுக்கே அந்த நிலைமை. கெடாமல் இருக்கிற 318 என்றால் என் கையால் அதை வெட்ட மாட்டேன்.

கேள்வி: எம்3 வாங்க வசதியில்லை. 318ஐஎஸ் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், ஓட்டிப் பார்த்தால் நன்றாக இருக்கிறது. எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

நல்ல தேர்வு. இந்த விலைக்கு இதைவிடச் சந்தோஷம் தருகிற இ30 இல்லை என்பது என் கருத்து. இன்ஜின் பெயர் எம்42, 1796 சிசி, 16 வால்வ், 136 குதிரைத்திறன், வால்வ்களை இயக்க டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின். வால்வ் இடைவெளியை ஹைட்ராலிக் டாப்பெட் தானே பார்த்துக்கொள்ளும். எஸ்14-இல் அந்த வேலைக்கு இன்ஜின் ஆறிய பிறகு ஒவ்வொரு வால்வாக அளந்து, மெல்லிய வட்டத் தகடுகளை மாற்றி மாற்றி வைக்க வேண்டும்.

முதலில் தண்ணீர் ஒழுகல். டைமிங் செயின் மூடியின் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் சேருகிற இடத்தில் ஒரு ரப்பர் கேஸ்கட் இருக்கிறது. வயதானால் அது இறுகி, கூலன்ட் வெளியேயும் கசியும், உள்ளே ஆயிலிலும் கலக்கும். ஆயில் மூடியைக் கழற்றி விரலால் தடவிப் பாருங்கள், பால் காபி நிறத்தில் ஏதாவது ஒட்டினால் விலையைப் பேசுவதற்கு முன் அதைப் பேசுங்கள். அடுத்தது செயின் சத்தம். காலையில் ஆறின இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டும், விற்பவர் முன்னாடியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். கீழே இருக்கிற ஐட்லர் பல்சக்கரம் தேய்ந்தால் முன்பக்கத்திலிருந்து உலோகம் உரசுகிற மாதிரி ஒரு சத்தம் வரும்.

மூன்றாவதை யாரும் பார்ப்பதில்லை, அதுதான் ஆபத்து. இன்ஜினின் அடியில் ஆயில் தேங்குகிற தட்டான ஆயில் பேனின் மேல் பகுதியை பிளாக்கோடு பிடித்திருக்கிற போல்ட்டுகள் உள்ளே தானாகத் தளர்ந்துவிடும். அப்படியானால் பம்ப் ஆயிலோடு காற்றையும் சேர்த்து இழுக்கும். என் வண்டியை நான் வாங்கியபோது விற்றவர் ‘எல்லாம் பார்த்தாகிவிட்டது’ என்றுதான் சொன்னார். வீட்டுக்குக் கொண்டுவந்து பேனை இறக்கினேன், இரண்டு போல்ட் அடியில் ஆயிலுக்குள் கிடந்தன, மூன்றாவதை விரலாலேயே சுற்றி எடுத்தேன். இன்னும் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் பேரிங் போயிருக்கும். அதனால் வாங்கிய முதல் வாரமே பேனை இறக்கிவிடுங்கள், பிறகு ஓட்டலாம்.

துருவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஜாக்கி வைக்கிற இடத்தைக் கட்டாயம் பாருங்கள்.

கேள்வி: ஜெர்மனியில் நாலு சிலிண்டருக்கு வரி குறையுமா?

வண்டி முப்பது வயது தாண்டி, பழைய கார்களுக்கான ‘எச்’ எழுத்து நம்பர் பிளேட் வாங்கிவிட்டால் எந்த இன்ஜினாக இருந்தாலும் வருடத்துக்கு 191.73 யூரோதான். வரிக்காக நாலைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

கேள்வி: எம்3-க்கு இரண்டு கதவுதானே, அதை செடான் என்று எப்படிச் சொல்வது? எனக்கு நாலு கதவு வேண்டும். மெர்சிடிஸ் 190 பார்க்கட்டுமா?

இ30 இரண்டு கதவும் பெட்டி வைத்த செடான் உடம்புதான், கதவு எண்ணிக்கைதான் வேறு. ஆனால் நாலு கதவில் எஸ்14 கிடைக்கவே கிடைக்காது என்று நினைக்காதீர்கள். இத்தாலியிலும் போர்ச்சுகலிலும் 2000 சிசி தாண்டினால் வரி கழுத்தை நெரிக்கும் என்பதால் அதே இன்ஜினின் ஸ்ட்ரோக்கைக் குறைத்து 1990 சிசியாக்கி, 192 குதிரைத்திறனோடு 320ஐஎஸ் என்று விற்றார்கள். அது நாலு கதவிலும் வந்தது. வெளியே அகலப்படுத்திய மட்கார்டு எதுவும் இல்லை, சாதாரண குடும்ப வண்டி மாதிரி நிற்கும். எனக்கு மிகவும் பிடித்த இ30 அதுதான்.

மெர்சிடிஸ் 190-இன் வேக வடிவமான 190இ 2.3-16 அருமையான வண்டி. ஹெட் இங்கிலாந்தின் ரேஸ் இன்ஜின் கம்பெனி காஸ்வொர்த் செய்தது, 185 குதிரைத்திறன். 1983-இல் இத்தாலியின் நார்தோ வட்டப் பாதையில் 50,000 கிலோமீட்டரை மணிக்கு 247.9 கிலோமீட்டர் சராசரியில் ஓட்டிக் காட்டினார்கள். மறு வருடம் புதிய நூர்பர்க்ரிங் திறப்பு விழாவில், எல்லாருக்கும் அதே கார் கொடுத்து வைத்த பந்தயத்தில், ஐர்டன் சென்னா ஜெயித்தார். எம்3-ஐவிட அமைதி, கனமான உணர்வு, நீண்ட பயணத்துக்கு ஏற்றது. குடும்பத்தோடு போவதானால் தயங்காமல் வாங்குங்கள்.

கேள்வி: இப்போது மெர்சிடிஸ் சி63-இலேயே நாலு சிலிண்டர் போட்டார்கள், எல்லாரும் திட்டினார்கள். அதற்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

2022-இல் வந்த அந்த வண்டியின் 2 லிட்டர் டர்போவும் மின்சார மோட்டாரும் சேர்ந்து 680 குதிரைத்திறன் தருகின்றன, பொறியியலாகப் பார்த்தால் பெரிய சாதனை. ஆனால் வண்டி எடை 2 டன்னுக்கு மேல். இ30 எம்3 சுமார் 1200 கிலோ. ரோட்டில் ஓட்டுகிறவனுக்கு நாலு சிலிண்டரால் கிடைக்கிற பெரிய லாபம் முன்பக்கம் லேசாக இருப்பது. அந்த லேசு கிடைக்காத வண்டியில், பழைய வி8-இன் சத்தத்தையும் எடுத்துவிட்டால் வாங்கியவனுக்குக் கோபம் வருவது நியாயம்தான்.

கேள்வி: அப்பா வைத்துவிட்டுப் போன 325ஐ வீட்டில் நிற்கிறது, நாலு வருடமாக யாரும் எடுக்கவில்லை. உங்கள் பதில்களைப் படித்தால் அதை விற்றுவிட்டு 318ஐஎஸ் வாங்கலாம் போலிருக்கிறது. என்ன செய்யட்டும் அண்ணா?

விற்காதீர்கள் தங்கச்சி. நான் சொன்னதெல்லாம் வளைவில் ஓட்டுகிற சந்தோஷத்தைப் பற்றி. அப்பா வண்டியில் இருக்கிற இன்ஜின் அந்தக் காலத்திலேயே மிக இனிமையாக ஓடிய இன்ஜின்களில் ஒன்று, அதுவும் அப்பாவுடையது. ஆனால் ஒரு விஷயம்: சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டாம், ஆசையாக இருந்தாலும் வேண்டாம். அந்த இன்ஜினுக்கு டைமிங் பெல்ட், 60,000 கிலோமீட்டர் அல்லது நாலு வருடம்தான் கணக்கு. நின்ற இடத்திலேயே அது காய்ந்திருக்கும். அறுந்தால் பிஸ்டன் போய் வால்வை இடித்து வளைத்துவிடும். டிரக்கில் ஏற்றி ஒரு பட்டறைக்குக் கொண்டுபோய், பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் ஒன்றாக மாற்றச் சொல்லுங்கள். பழைய பெட்ரோலை இறக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு ஸ்டார்ட் செய்து, சத்தத்தைப் பதிவு செய்து எனக்கு அனுப்புங்கள், கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.