ஏசி கேஸ் தீராது தம்பி, எங்கேயோ ஒழுகுது

தம்பி, உன் கேள்வியை நேற்று ராத்திரி இரண்டு தடவை படித்தேன். ஷார்ஜாவுக்கு ஏசி ஹெல்பராக வந்து மூன்று மாசம் ஆச்சு, டிப்ளமோ படிக்கும்போது இருந்த ஆர்வம் தீர்ந்துபோச்சு, நாளை எண்ணிக்கிட்டு இருக்கேன், சோறு போடுற நாட்டுக்கு நன்றியோட இருக்கணும்னு ரூமில் எல்லாரும் சொல்றாங்க, எனக்கு அப்படித் தோணவே மாட்டேங்குது, உங்களுக்கு எப்படி அண்ணாச்சி 19 வருஷம் ஓடுச்சு என்று கேட்டிருக்கிறாய்.

நான் இப்போது லீவில் பத்தமடையில் இருக்கிறேன். ஏசிக்காரனுக்குக் கோடையில் லீவு கிடையாது. நெல்லையில் ஆனித் தேர் பார்க்கிற ஆசையை நீயும் கொஞ்ச வருஷம் தள்ளித்தான் வைக்கணும். நீ வீரவநல்லூர் என்கிறாய். கன்னடியன் கால்வாய் உங்கள் ஊரைத் தாண்டித்தான் எங்கள் ஊருக்கு வருகிறது. ஒரே தண்ணீர் குடித்த பையன் என்பதால் மனசில் பட்டதை அப்படியே சொல்கிறேன்.

முதலில் அந்த நன்றிப் பேச்சை ஓரமாக வை. சம்பளம் நீ பார்த்த வேலைக்கு வருவது. ஒரு வருஷம் முடித்து விலகும்போது வரும் கிராச்சுட்டியும் அப்படித்தான்: முதல் ஐந்து வருஷம் வரை வருஷத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் வருஷத்துக்கு 30 நாள். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30லிருந்து 3 மணி வரை திறந்த வெயிலில் வேலை வாங்கக் கூடாது. பாஸ்போர்ட் உன் பெட்டியில் இருக்கணும். இதெல்லாம் சட்டம், யாருடைய தயவும் இல்லை. நான் முதலில் சேர்ந்த கம்பெனி நாலு மாசச் சம்பளத்தை நிறுத்தி வைத்தது. கேட்கப் போனேன். கூட இருந்த பெரியவர் ஒருத்தர், "விசா கொடுத்தவனை நன்றி கெட்டுப் பேசாதே" என்று என் வாயை அடைத்தார். அந்த நாலு மாசமும் ஊரில் ஏஜெண்டுக்கு வாங்கின கடனுக்கு வட்டி ஏறியது. உம்மா கம்மலை அடகு வைத்தாள். அந்த மாதிரி இடத்தில் நன்றி வராது, வரவும் கூடாது. உனக்குச் சம்பளம் தேதிக்கு வருகிறதா என்று நீ எழுதவே இல்லை. அதை முதலில் எனக்குச் சொல்.

சரி, ஆர்வத்துக்கு வருகிறேன். "தீர்ந்துபோச்சு" என்று எழுதியிருக்கிறாயே, அந்த வார்த்தையை நான் தினமும் கேட்கிறேன். வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்ததுமே, "கேஸ் தீர்ந்துபோச்சு போல, அடிச்சு விடுங்க" என்பார்கள். வண்டிக்குப் பெட்ரோல் மாதிரி ஏசி கேஸைக் குடிக்காது தம்பி. மூடின குழாய்க்குள் சுற்றிச் சுற்றி ஓடுவது அது. குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ ஒழுகுகிறது. ஒழுகலைப் பார்க்காமல் அடித்து விட்டால் இரண்டு மாசத்தில் அதே வீட்டிலிருந்து போன் வரும்.

உனக்கும் எங்கே ஒழுகுகிறது என்று பார். கடனா? ராத்திரி ஒரு மணி வரை போனில் ஊரைப் பார்த்துவிட்டு ஐந்து மணிக்கு எழுந்திருக்கிறாயா? இல்லை, ஏணி பிடிப்பதைத் தவிர யாரும் எதுவும் சொல்லித்தருவதில்லையா? என் கணிப்பு கடைசியில் சொன்னதுதான். நானும் எட்டு மாசம் ஏணி பிடித்தேன். எதுவும் தெரியாத வேலையில் ஆசை வராது. தெரியத் தெரியத்தான் வரும். எனக்கு அப்படித்தான் வந்தது.

எனக்குத் தொழில் காட்டியவர் ஒரு திருச்சூர்க்காரர். இரண்டாவது கம்பெனியில் அவருக்கு என்னை ஹெல்பராகப் போட்டார்கள். யூனிட்டுக்குப் போனதும் கேஸ் அழுத்தம் பார்க்கிற கேஜை எடுக்க விடமாட்டார். "முதலில் பெரிய குழாயில் கையை வை" என்பார். அது ஜில்லென்று ஒரே சீராக வியர்த்திருந்தால் நல்லது. வியர்வையே இல்லாமல் கிடந்தால் ஒரு சேதி. பனி கட்டியிருந்தால் வேறு சேதி. அப்போதும் உடனே கேஸைச் சந்தேகப்படாதே, ஃபில்டரைக் கழற்றிப் பார், தூசி அடைத்துக் காற்று போகாவிட்டாலும் பனி கட்டும் என்பார். அப்புறம்தான் சோப்பு நுரை. குழாய் சேர்கிற நட்டைச் சுற்றித் தடவிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம். ஒருநாள் அவருக்கு முன்னால் என் கண்ணுக்குப் பட்டது: நட்டுக்குக் கீழே கடுகு அளவு ஒரு குமிழி, உடைந்து, திரும்பவும் ஊதியது. அன்றைக்கு ரூமுக்கு வந்து சாப்பிடக்கூட மறந்துவிட்டேன். நாள் எண்ணுவதை விட்டது அந்த வாரத்தில்தான்.

எனக்கு நன்றி இருப்பது அந்த மனுஷனிடம். வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குப் போகும்போது தன் ஃப்ளேரிங் டூலை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இன்றைக்கும் அதில்தான் குழாய் விரிக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு ஆகஸ்ட் மாசம், லேபர் கேம்ப் ஒன்றில் ராத்திரி பதினொன்றுக்குக் கூப்பிட்டார்கள். சின்ன ரூம், ஆறு பேர். எல்லாரும் பகல் முழுக்கக் கம்பி கட்டுகிறவர்கள். சட்டையைக் கழற்றிவிட்டு வராண்டாவில் உட்கார்ந்திருந்தார்கள், ஒருத்தரும் பேசவில்லை. ஒழுகலைப் பிடித்து, குழாயை வெட்டித் திரும்ப விரித்து, வேக்யூம் போட்டு உள்ளே இருந்த காற்றை இழுத்து, கேஸ் ஏற்றி முடிக்க மணி ஒன்றே முக்கால் ஆனது. குளிர் வர ஆரம்பித்ததும் ஒவ்வொருத்தராக உள்ளே வந்து படுத்தார்கள். நான் டூல் பாக்ஸைப் பூட்டும்போது ஆறு பேரும் தூங்கியிருந்தார்கள். தேங்க்ஸ் சொல்லக்கூட ஆள் இல்லை. சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன். 19 வருஷத்தில் எனக்குப் பிடித்த ராத்திரி எது என்றால் அதைத்தான் சொல்வேன்.

இதை எழுதும்போது உம்மா முற்றத்தில் பாய் நெய்துகொண்டிருக்கிறாள். கல்யாணப் பாய். மாப்பிள்ளை பேரும் பெண் பேரும் ஓரத்தில் வரணும். கோரையை ஆற்றுத் தண்ணீரில் நாள் கணக்கில் ஊறப்போட்டு, நூல் மாதிரி கிழித்து, குச்சியில் வைத்துப் பாவுக்குள் ஒவ்வொன்றாகச் செலுத்துவாள். ஒரு எழுத்தில் ஒரே ஒரு கோரை தப்பியிருந்தது. நெய்ததில் மூன்று விரற்கடையைப் பிரித்துவிட்டு மறுபடியும் ஆரம்பித்தாள். "அவங்க யாருன்னு தெரியுமா உம்மா?" என்று கேட்டேன். "எனக்கென்ன தெரியும், நல்லா இருக்கட்டும்" என்றாள். கை நிற்கவில்லை.

நான் 20ஆம் தேதி திரும்பி வருகிறேன். அதுவரை நீ ஒன்று செய். யூனிட்டுக்குப் போனதும் பெரிய குழாயில் கை வைத்துப் பார்த்து, என்ன இருந்தது, கடைசியில் கோளாறு என்ன என்று தினமும் ஒரு வரி நோட்டில் எழுதி வை. வந்த பிறகு உன் வார லீவு அன்றைக்கு ஷார்ஜாவில் ரோலா பக்கம் வா. ஒரு முழம் செம்புக்குழாய் மட்டும் கொண்டுவா, டூல் என்னிடம் இருக்கிறது. வெட்டினதும் பிசிறு எடுக்கும்போது குழாயின் வாயைக் கீழே பார்த்துப் பிடிக்கணும், துகள் உள்ளே விழுந்துவிடக் கூடாது. அதிலிருந்து ஆரம்பிப்போம்.