அதிபர் வேட்பாளரின் குணத்தைப் பார்ப்பதா, கொள்கையைப் பார்ப்பதா?

“மனிதர் நேர்மையானவர், ஆனால் அவர் சொல்வது எனக்கு ஒத்துவரவில்லை. அவருக்கு ஓட்டுப் போடலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உடனே ஞாபகம் வருபவர் ஜான் மெக்கெய்ன், 2008 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஒபாமாவை எதிர்த்து நின்று தோற்ற குடியரசுக் கட்சி வேட்பாளர்.

2007 ஜூலையில் அவர் கதை முடிந்தது என்றே பலரும் எழுதினார்கள். குடியரசுக் கட்சியின் முன்னணி வேட்பாளராகக் கிளம்பியவர். கையில் காசு தீர்ந்து, பிரசார மேலாளரும் தலைமை ஆலோசகரும் ஒரே நாளில் விலகி, ஊழியர்கள் பலரை அனுப்பியாகிவிட்டது. தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். சரிவுக்கு முக்கியமான காரணங்கள் இரண்டு. ஈராக்குக்கு இன்னும் படை அனுப்ப வேண்டும் என்றார். நாடு அந்தப் போரில் சலித்துப்போயிருந்தது. ஆவணமின்றிக் குடியேறியவர்களுக்குச் சட்ட அந்தஸ்து தரும் மசோதாவை ஆதரித்தார்; சொந்தக் கட்சிக்காரர்களே கொதித்தார்கள்.

போரில் தோற்பதைவிடத் தேர்தலில் தோற்பது மேல் என்று அவர் சொன்னதைக் கேட்டு எனக்கும் மரியாதை வந்தது. ஆனால் அந்த மரியாதையில்தான் நாம் வழுக்குகிறோம். தோல்வி வந்தாலும் சொன்னதில் நிற்பது அவர் குணத்துக்குச் சாட்சி. அவர் சொன்னது சரி என்பதற்கு அது சாட்சி ஆகாது. தவறான போரையும் ஒருவர் மனசாட்சியோடு ஆதரிக்கலாம்.

அந்தக் குணமும் ஒரே சீராக இருந்ததில்லை. குடியேற்றத்தில் “முதலில் எல்லைப் பாதுகாப்பு” என்று பின்வாங்கினார். 2008 ஜனவரியில், அந்த மசோதா மறுபடி வந்தால் நானே ஓட்டுப் போட மாட்டேன் என்றார். 2000-இல் கட்சி வேட்பாளர் தேர்வுக்குப் போட்டியிட்டபோது, தென் கரோலினாவின் கூட்டமைப்புக் கொடி (உள்நாட்டுப் போரில் அடிமைமுறைக்காகப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் கொடி) விஷயத்தில் மழுப்பிவிட்டு, தோற்ற பிறகு, உண்மையைச் சொன்னால் அங்கே ஜெயிக்க முடியாதோ என்ற பயத்தில்தான் அப்படிச் செய்தேன் என்று ஒப்புக்கொண்டார். வியட்நாம் போரில் பிடிபட்டு ஹனோய்ச் சிறையில் இருந்தபோது, மற்ற கைதிகளுக்கு முன்னால் தன்னை மட்டும் விடுவிக்க வட வியட்நாமியர் முன்வந்தும் மறுத்தவரும் இதே மனிதர்தான்.

சரி, அப்படியானால் குணத்தை எதற்குப் பார்க்க வேண்டும்? 2008 அக்டோபரில் மின்னசோட்டாவில் ஒரு கூட்டம். ஒரு பெண் மைக்கைப் பிடித்து, ஒபாமாவை நம்ப முடியவில்லை, அவர் ஓர் அரபி என்கிறார். மெக்கெய்ன் தலையை ஆட்டியபடியே மைக்கை வாங்கி, “இல்லை அம்மா, அவர் கண்ணியமான குடும்பஸ்தர், நாட்டின் குடிமகன், அடிப்படை விஷயங்களில் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு, அவ்வளவுதான்” என்கிறார். ஒபாமா அதிபரானால் பயப்பட வேண்டியதில்லை என்று அதே கூட்டத்தில் சொன்னதற்குச் சொந்த ஆதரவாளர்களே கூச்சல் போட்டார்கள். (அரபி என்றால் கண்ணியம் இல்லையா என்று கேட்டவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான்.) அவர் பின்தங்கியிருந்த நேரம் அது. அந்தப் பொய்யை அப்படியே விட்டிருந்தால் கூட்டம் கைதட்டியிருக்கும். இப்படி ஒரு நிமிடம் வரும் என்று எந்தத் தேர்தல் அறிக்கையிலும் எழுதி வைக்க முடியாது.

அதனால் என் கணக்கில் குணம் வாசற்படி மாதிரி. அதைத் தாண்டாதவருடைய கொள்கையை நான் படிப்பதே இல்லை. தாண்டி வந்தவர்களுக்குள் யார் என்பதைக் கொள்கையை வைத்துத்தான் முடிவு செய்வேன். மெக்கெய்ன் தாண்டியவர்தான். ஆனாலும் 2008-இல் எனக்கு ஓட்டு இருந்திருந்தால் ஒபாமாவுக்குத்தான் போட்டிருப்பேன். ஈரான் மீது குண்டு போடுவதைப் பாட்டாகவே பாடி ஜோக்கடித்தவர் கையில் ராணுவத்தைக் கொடுக்க எனக்கு மனம் வந்திருக்காது.