ஊரே அழுவுது, எனக்கு மட்டும் அழுகை வரல

கடிதம்

மேடம் வணக்கம். என் பேரு ஊரு எதுவும் போட வேணாம், பென்னாகரம் பக்கம்னு மட்டும் போட்டுக்கங்க. எனக்கு எழுத வராது, போன்ல பேசப் பேச அதுவா டைப் ஆவுது, தப்பு இருந்தா மன்னிச்சிக்கங்க.

எங்கூட்டுக்காரர் போய் சேந்து வர்ற ஆடியோட ஒரு வருஷம். பாட்டு கட்றவர். சினிமாவுக்கெல்லாம் இல்ல, ஊர்ப் பாட்டு. மாரியம்மன் பண்டிகைக்கு கும்மிப் பாட்டு, சாவு வீட்டுக்கு ஒப்பாரி, எலெக்‌ஷன் வந்தா எந்தக் கட்சி கேக்குதோ அந்தக் கட்சிக்கு, தெருக்கூத்துல கட்டியங்காரன் பாடறதுக்கு சிரிப்புப் பாட்டு, எல்லாம் எழுதுவார். பாலக்கோடு, அரூர், அந்தப் பக்கம் ஊத்தங்கரை வரைக்கும் அவரு பாட்டு போயிருக்கு. யாரு எழுதினதுன்னே தெரியாம பாடறாங்க.

இப்ப கோயில் திடல்ல நினைவு நாள் நடத்தறாங்களாம். மேடை, மைக்செட்டு, ஃபிளெக்ஸ் எல்லாம் ரெடி. என்னைய ஒரு வார்த்தை கேக்கல மேடம். ஃபிளெக்ஸ்ல போட்டிருக்கற போட்டோ எங்க பொண்ணு காதுகுத்துக்கு நாங்க ஜோடியா எடுத்தது, அதுல என்னைய வெட்டிட்டு அவரை மட்டும் போட்டிருக்காங்க, என் முந்தானை மட்டும் ஓரத்துல பச்சையா தெரியுது. அதைத் தாண்டித்தான் தெனம் நான் வேலைக்குப் போறேன்.

யாரு நடத்தறாங்கன்னு நெனைக்கறீங்க? உயிரோட இருந்தப்ப ஒரு பாட்டுக்கு ஒரு குவாட்டர்னு பேசி எழுதி வாங்கினவங்கதான். நான் கொழந்தைங்க பீஸுக்கு கைமாத்து கேட்டப்ப கதவைத் தொறக்காதவங்க இன்னிக்கு வாட்சப்ல அழுவுறாங்க, "எங்க கவி போயிட்டாரே"ன்னு. அவரு பெரிய பாட்டுக்காரர்தான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா அவரை ஊத்தி ஊத்தி கொன்னது யாரு?

நான் புளி தட்டப் போறவ. சீசனுக்கு ஓடு ஒடச்சி கொட்டை எடுத்தா கிலோவுக்கு இவ்ளோன்னு கூலி. அதையும் ஒரு பாட்டா கட்டினார்:

*ஓடு ஒடச்சி கொட்டை எடுத்து ஒன் வெரலு கருத்துப் போச்சி*
*ஒத்தக் கிலோக்கு எண்ணித் தந்த காசு எங்க கரைஞ்சி போச்சி*

இந்தப் பாட்டுக்கு பொம்பளைங்க எல்லாம் கண்ண தொடைக்கறாங்க. அந்தக் காசு எங்க கரைஞ்சிதுன்னு எனக்குத்தானே தெரியும். என் வெரலை வச்சி பாட்டும் எழுதி, அந்த வெரல்ல வந்த காசை எடுத்துட்டுப் போயி குடிச்சிட்டும் வந்த மனுசன் மேடம் அவரு.

நான் சும்மா இருக்கல. கோயில்ல கயிறு கட்டி சத்தியம் வாங்கினேன். அன்னிக்கே அடியோட நிறுத்தினார். ரெண்டாம் நாளு ராத்திரி கை காலெல்லாம் வெட்டி இழுத்து வாயில நொரை. எங்க மாமியார், "நீ நிறுத்தச் சொன்னதாலதான்டி எம்புள்ளைக்கு வலிப்பு வந்துச்சி"ன்னு சொல்லி அவங்களே கடைக்கு ஆள் அனுப்பி வாங்கிக் குடுத்தாங்க. இன்னிக்கு வரைக்கும் அந்தப் பேச்சு போவல. கடைசி மூணு வருசம் ஒரு பாட்டும் எழுதல, கை நடுங்கும், பேனாவே புடிக்க முடியாது. முன்னாடி எல்லாம் விடிகாலைல எந்திரிச்சி டீத்தண்ணி கூட குடிக்காம புள்ளைங்களோட பழைய நோட்டுல எழுதுவார், நான் வாசல் தெளிக்கறப்ப பாடிக் காட்டுவார். அந்த மனுசன் எப்பவோ போயிட்டார். அப்புறம் வயிறு வீங்கி, கண்ணு மஞ்சளாகி, ரத்தமா வாந்தி எடுத்து போனார்.

இப்ப அந்தப் பாட்டையெல்லாம் புக்கா போடறோம், நோட்டு குடுங்கன்னு கேக்கறாங்க. நோட்டு அரிசி டிரம்முக்குப் பின்னாடி இருக்கு. நான் குடுக்க மாட்டேன். பையன் கேட்டதுக்கும் எரிச்சிட்டேன்னு சொல்லிட்டேன், அப்பதான் கேக்கறதை விடுவான். அவன் ஐடிஐ படிக்கறான், பதினேழு. அவன் வேற இப்ப சாயங்காலமானா ஏரிக்கரைல அந்த ஆளுங்க கூடத்தான் உக்காந்திருக்கான், அப்பா கதை கேக்கறானாம், வந்து நேரா படுத்துக்கறான், சோறு கூட வேணாங்கறான், துணி தொவைக்கறப்ப பாத்தா பாக்கெட்டு பூரா ஹால்ஸ் மிட்டாய் பேப்பரு. அது வேற கதை விடுங்க.

நான் கேக்கறது இதுதான். அன்னிக்கு மேடை ஏறி நாலு வார்த்தை கேட்டுடட்டுமா, இல்ல பேசாம காவேரிப்பட்டணத்துக்கு எங்கம்மா வீட்டுக்குப் போயிடட்டுமா? போட்டோவை வெட்டினதுக்காவது அவங்களைக் கேக்கணுமா வேணாமா? என்னைய ஒரு வார்த்தை கேக்கல மேடம், அதுதான் மனசு ஆறல. ஊரே அழுவுது, எனக்கு அழுகையே வரல. நான் கல்நெஞ்சுக்காரியா?

பதில்

தங்கச்சி, வணக்கம்.

உங்க கடிதத்தை மொதல்ல படிச்சப்ப எனக்கும் அந்த ஃபிளெக்ஸ் மேலதான் கோவம் வந்துச்சு. மறுபடி படிச்சப்ப "அது வேற கதை விடுங்க"ன்னு ஒரு வரி இருக்கே, அங்க நின்னுட்டேன். அதை என்னால விட முடியாது. மேடை, மைக்செட்டு, அவங்க உங்களைக் கேக்காதது எல்லாம் நியாயமான வருத்தம், ஆனா அது எல்லாம் போன மனுசனைப் பத்தினது. ஏரிக்கரைல உக்காந்திருக்கற பையன் உயிரோட இருக்கான்.

சோறு வேணாம், நேரா படுக்கை, பாக்கெட்டு பூரா ஹால்ஸ் பேப்பர். இத்தனை வருசம் ஒரு குடிகாரரோட குடும்பம் நடத்தின உங்களுக்கு இது என்னன்னு தெரியாதா? தெரியும். தெரிஞ்சதாலதான் ஓரமா ஒதுக்கி வச்சிட்டு ஃபிளெக்ஸைப் பத்தி அவ்ளோ எழுதினீங்க. நான் குத்தம் சொல்லல, பயத்தை நேரா பாக்கறதை விட கோவத்தைப் பாக்கறது சுலபம், எல்லாருக்கும் அப்படித்தான். நான் நெனைக்கறது தப்பாவும் இருக்கலாம், அவனுக்கு வெறும் இருமலா இருக்கலாம். ஆனா இருமலான்னு நீங்களும் அவனைக் கேக்கலையே.

அவன் எதுக்கு அங்க போறான்னு யோசிங்க. அப்பா செத்து ஒரு வருசம் ஆவப்போவுது. வீட்டுல அப்பாவைப் பத்தி பேச்செடுத்தா என்ன கிடைக்குது அவனுக்கு? உங்க கோவம், பாட்டியோட பழி, இல்லன்னா மௌனம். ஏரிக்கரைல மட்டும்தான் அவங்கப்பாவை யாரோ ஆசையா பேசறாங்க, பாடிக் காட்டறாங்க, முதுகைத் தட்டி "அப்படியே உங்கப்பன்டா நீ"ங்கறாங்க. பதினேழு வயசுல அதுக்கு ஏங்காத புள்ள எது? பிரச்னை என்னன்னா அங்க பாட்டும் குவாட்டரும் ஒரே பொட்டலமா கட்டித்தான் குடுப்பாங்க. குடிச்சாரு அதனால எழுதினாரு, பெரிய கலைஞன்னா அப்படித்தான்னு.

இந்தப் பேச்சு நம்ம நாட்டுல புதுசு இல்ல. கண்ணதாசன் தன் குடியை மறைக்காம சொன்னவர், 1981ல 54 வயசுல போயிட்டார். அவரைப் பத்திப் பேசறவங்க அந்த 54ஐ விட்டுட்டு கோப்பையை மட்டும் ஏதோ கவிஞனுக்கு உண்டான தகுதி மாதிரி பேசிட்டுத் திரியறாங்க.

உங்க வீட்டுக்காரர் விஷயத்துல அது பச்சைப் பொய்யின்னு நீங்களே எழுதியிருக்கீங்க, கவனிச்சீங்களா? விடிகாலைல, டீ கூட குடிக்காம, புள்ளைங்க நோட்டுல எழுதினவர் அவரு. பாட்டெல்லாம் தலை தெளிவா இருந்த நேரத்துல வந்தது. குடி முத்தினதும் வந்தது கைநடுக்கம், மூணு வருசத்துக்கு ஒரு வரி கிடையாது. குவாட்டர் குடுத்து பாட்டு வாங்கினவங்களுக்கு ராத்திரி பாடற ஆளைத்தான் தெரியும். காலைல எழுதற ஆளைப் பாத்தது நீங்க ஒருத்திதான், வாசல் தெளிச்சிக்கிட்டே கேட்டது நீங்கதான். அதை உங்க பையனுக்கு சொல்ல வேற ஆளே கிடையாது தங்கச்சி.

அதனாலதான் இந்த ஒரு விஷயத்துல நான் உங்க பக்கம் நிக்க மாட்டேன். நோட்டை எரிச்சிட்டேன்னு அவன்கிட்ட சொன்னது தப்பு. கேக்கறதை விடுவான்னு நெனச்சீங்க, அவன் கேக்கறதை விடல, கேக்கற எடத்தை மாத்திக்கிட்டான். அவங்கப்பா மேல உங்களுக்கு இருக்கற கணக்கு உங்களோடது, அதுல பைசா குறைக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்ல. ஆனா அந்தக் கணக்கை பையன் தலைல எழுதாதீங்க.

மொதல்ல நோட்டை எடுத்து அவன் கைல குடுங்க. எரிச்சேன்னு சொன்னது பொய், கோவத்துல சொன்னேன்னு சொல்லுங்க. இந்தப் பாட்டு எப்ப எழுதினாரு, எது மழையில எழுதினாரு, எது உன் பொறந்தநாளுக்கு எழுதினாருன்னு சொல்லுங்க. புளிப் பாட்டையும் சொல்லுங்க, அந்தக் காசு எங்க கரைஞ்சிதுங்கறதையும் சேத்து. அப்பாவோட திறமையை சொல்றப்ப குடியை மறைக்க வேணாம், குடியை சொல்றப்ப திறமையை மறைக்க வேணாம். வளந்த பையன், ரெண்டும் தாங்குவான். வாயை ஊதுடான்னு ஆரம்பிக்காதீங்க, அன்னிக்கே அவன் கதவை சாத்திடுவான். நாலு நாள் பேசின பிறகு, "எனக்கு பயமா இருக்குடா, குடிக்கிறியா?"ன்னு நேரா ஒரு தடவை கேளுங்க, அவன் சொல்றதை குறுக்கே பேசாம கேளுங்க.

நான் ஏன் இவ்ளோ அவசரப்படறேன்னா, குடிக்கு அடிமையாகற தன்மைல ஏறக்குறைய பாதி பரம்பரையா வர்றதுன்னு ஆராய்ச்சிகள் சொல்லுது. அப்பன் குடிச்சா புள்ளையும் குடிச்சே தீருவான்னு அதுக்கு அர்த்தம் இல்ல. ஆனா சின்ன வயசுலயே ஆரம்பிச்சா மாட்டிக்கறது சுலபம், அவனுக்கு மத்த பசங்களை விட ஜாக்கிரதை வேணும், இதை அவன்கிட்டயே சொல்லலாம். தமிழ்நாட்டுல 21 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு கடைல விக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு, ஆனா உங்க பையன் குடிக்கறான்னா அவனுக்கு கடைக்குப் போற வேலையே இல்லையே, அப்பாவோட சிநேகிதங்களே ஊத்தித் தருவாங்க. அவங்களைப் போய் நேரா கேளுங்க. மேடை எல்லாம் வேணாம், சாயங்காலம் ஏரிக்கரைக்கே போங்க, மாமியாரையும் கூட்டிட்டுப் போங்க. "எம்புள்ளைக்கு இனிமே ஒரு சொட்டு ஊத்தினா போலீசுக்குப் போவேன்"னு சொல்லுங்க. மேடைல கேக்க நெனச்ச நாலு வார்த்தையை அங்க செலவு பண்ணுங்க.

மாமியாருன்னதும் ஞாபகம் வருது, அந்த வலிப்பு. ரொம்ப நாள் தெனம் குடிச்சவங்க திடீர்னு அடியோட நிறுத்தினா ஒண்ணு ரெண்டு நாள்ல வலிப்பு வரலாம், சிலருக்கு புத்தி தடுமாறி என்னென்னவோ தெரியும், உயிருக்கே ஆபத்து. அதனாலதான் டாக்டர் பாத்து மருந்து குடுத்து நிறுத்தணும்னு சொல்றது. கயிறு கட்டறப்ப இதை உங்களுக்கு யாரும் சொல்லல. உங்க மாமியாருக்கும் யாரும் சொல்லல, புள்ள துடிக்கறதைப் பாத்து கைக்கு கிடைச்சதை குடுத்தாங்க. நீங்க ரெண்டு பேரும் அவரைக் கொல்லல. இந்தப் பத்தியை அவங்களுக்குப் படிச்சிக் காட்டுங்க.

பையன் குடிக்கறான்னு தெரிஞ்சா தள்ளிப் போடாதீங்க. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போய் மனநல டாக்டரைப் பாருங்க, பைத்தியம்னு யாரும் எழுதிட மாட்டாங்க. அதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது பேசணும்னா 14416க்கு போன் போடுங்க, அரசு நடத்தற டெலிமானஸ்னு மனநல உதவி நம்பர், காசு கிடையாது, ராத்திரியும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம். அந்த நம்பர் உங்களுக்கும்தான்.

அழுகை வரலைன்னு கேட்டீங்க. அவரு கண் முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமா போனதை வருசக்கணக்கா பாத்தவங்க நீங்க, அப்பவே எத்தனையோ ராத்திரி அழுதிருப்பீங்க. "அந்த மனுசன் எப்பவோ போயிட்டார்"னு எழுதியிருக்கீங்களே, அதை கல்நெஞ்சுக்காரி எழுத மாட்டா. ஒரு நாள் வரும், வரலைன்னாலும் தப்பில்ல.

நினைவு நாளுக்குப் போறதும் போவாததும் உங்க இஷ்டம். ஃபிளெக்ஸை மாத்தி முழு போட்டோவையும் போடச் சொல்லி கேளுங்க, கேக்க உங்களுக்கு எல்லா உரிமையும் இருக்கு. புக்கு போடறதுக்கு நான் எதிரி இல்ல, அந்தப் பாட்டு நிலைக்கணும்னுதான் எனக்கும் ஆசை. அதுவும் பையன் நோட்டைப் படிச்சி முடிச்ச பிறகு, அவன் சம்மதத்தோட. அவரு எழுதினதுக்கு உரிமை இப்ப உங்க குடும்பத்துக்குத்தான், எழுதினவர் காலத்துக்கு அப்புறம் 60 வருசம் வரைக்கும் சட்டப்படி வாரிசுங்களுக்கு உரிமை உண்டு. யாரு கேட்டாலும் செராக்ஸ் மட்டும் குடுங்க, எழுதி கையெழுத்து வாங்கிட்டு குடுங்க. ஒரிஜினல் நோட்டு வீட்டை விட்டு வெளிய போவக் கூடாது. டிரம்முக்குப் பின்னாடி வேணாம், ஈரம் பட்டா மை கரைஞ்சிடும், பீரோல வைங்க, சாவியை பையன்கிட்ட குடுங்க.

அவன்கிட்ட பேசின பிறகு என்ன சொன்னான்னு எனக்கு எழுதுங்க. ஃபிளெக்ஸ் கதையை அப்புறம் பாத்துக்கலாம்.