கேள்வி (கீழக்கரை): விஜிஏ கேபிளில் போட்ட மானிட்டரில் திரை அளவுப் (ரெசொல்யூஷன்) பட்டியலில் 1920×1080 வரவில்லை, 1024×768-லேயே நிற்கிறது, எழுத்தும் இழுபடுகிறது

முதலில் விஜிஏ கேபிளை (மானிட்டரைக் கணினியோடு இணைக்கும் பழைய வகை, 15 துளை இணைப்பு) மாற்றுங்கள். எச்டிஎம்ஐ (புது வகை இணைப்பு) வசதி இரண்டு பக்கமும் இருந்தால் அதையே போடுங்கள். மானிட்டர் கெடவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

மானிட்டர் தன் அளவு விவரத்தை விஜிஏ-வின் 12, 15-ஆம் பின்கள் (கேபிள் முனையிலுள்ள சிறு ஊசிகள்) வழியாகக் கணினிக்குச் சொல்கிறது. அவை சரியாகத் தொடாவிட்டால் படம் வரும், 1920×1080 மட்டும் பட்டியலில் வராது. எழுத்து அகலமாக இழுபடுவதும் அதனால்தான். நம் கடற்கரை உப்புக்காற்றில் பின்கள் பச்சை பூத்துவிடும். மண்டபம் ஊரில் என் கணினிக்கும் இதேதான் நடந்தது.

விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே, அப்புறம் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய்ப் பாருங்கள். மானிட்டர் பெயருக்குப் பதில் 'ஜெனரிக் நான்-பிஎன்பி' (எந்த மானிட்டர் என்று கணினிக்குத் தெரியவில்லை) என்று இருந்தால் கேபிள் பக்கம்தான் கோளாறு. 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்றிருந்தால் கேபிளைத் தொட வேண்டாம், கிராஃபிக்ஸ் டிரைவரை (திரையில் படம் காட்டும் பாகத்தை இயக்கும் மென்பொருளை) போடுங்கள்.

பின்களைத் துடைப்பதென்றால் மின்சாரத்தை அணைத்துவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் மெதுவாகத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். சுரண்ட வேண்டாம். 9-ஆம் பின் பல கேபிள்களில் இருக்கவே இருக்காது, பயப்படாதீர்கள்.

புதுக் கேபிளிலும் வராவிட்டால் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயில் என்ன பெயர் காட்டுகிறது என்று எழுதுங்கள், பார்க்கலாம்.